பழுப்புக் கட்டம் போட்ட கைக்குட்டை

சலவைக்கடை அக்கா தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் பேருந்தில் உட்கார, இருக்கை இரண்டாகப் பிளந்துவிட்டதாம். நம்பாதவர்கள் அந்தப் பேருந்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

துணி வந்ததும் முதல் வேலையாகப் பைகளைத் துழாவுவாள். ஆண்களின் பையில் கிடைப்பதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவரவர் கையில் மட்டும் கொடுப்பாள். மருந்துக்கடைக்காரருக்கு அப்படிப் போன ஒற்றைத் தோடுகளை வைத்து ஒரு நகைக்கடையே திறக்கலாம். என்ன, எதற்கும் ஜோடி இருக்காது. "ஆம்பளை பாக்கெட்டுல ஆயிரம் இருக்கும், நமக்கென்னடி?" என்பாள், கூட வேலை செய்யும் தங்கையிடம். பெண்களின் பையில் கிடைப்பது மட்டும் வீட்டு ஆண்களிடம் போகும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவளுக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை.

மருந்துக்கடைக்காரரின் மனைவி பாட்டு டீச்சர். அவளுடைய ஸ்வெட்டர் பையில் ஒருநாள் ஆண் கைக்குட்டை ஒன்று கிடைத்தது. அந்த வீட்டுக் கைக்குட்டைகள் அக்காவுக்கு அத்துப்படி, எல்லாம் நீலக்கரை. இதுவோ பழுப்புக் கட்டம். பழக்க தோஷத்தில் அதைக் கொண்டுபோய் மருந்துக்கடைக்காரரிடம் நீட்டிவிட்டு வந்தாள்.

மறுநாளே டீச்சரைத் துரத்திவிட்டார்கள். மகளை அவளோடு அனுப்பவில்லை.

"நல்ல காரியம் பண்ணினேக்கா. அடுத்து எந்த வீடு? சொன்னா வேடிக்கை பார்க்க வசதியா இருக்கும்" என்றாள் தங்கை.

அன்றுதான் அக்கா கையில் முதன்முதலாக ஒரு சட்டை கருகியது.

அடுத்த மூட்டையில் மருந்துக்கடைக்காரரின் சட்டைப் பையிலிருந்து ஒரு முத்துத் தோடு உருண்டு விழுந்தது. கை தானாகக் காகிதத்தைக் கிழித்தது. பாதியிலேயே நின்றது. மகளைக் கேட்டு டீச்சர் வந்திருக்கிறாள் என்று காலையிலேயே காதில் விழுந்திருந்தது. தோட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தாள்.

கூடத்தில் மருந்துக்கடைக்காரரும் அவர் அம்மாவும் நாற்காலியில் இருந்தார்கள். டீச்சர் பெட்டியோடு கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல ஆளில்லை.

அக்கா தோட்டை மேசைமேல் வைத்தாள். "உங்க சட்டையில இருந்துச்சு சார்."

அவருக்கு முகம் வெளுத்தது. அம்மாதான் முந்திக்கொண்டாள்: "இதைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தியாக்கும்! ஆம்பளை பாக்கெட்டுல ஆயிரம் இருக்கும்."

தன் பேச்சு இன்னொருத்தி வாயில் இப்படியா நாறும் என்றிருந்தது அக்காவுக்கு.

டீச்சர் தோட்டைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்தாள். "இதுதான் முதல் தடவையாக்கா?"

"இல்லம்மா."

"மத்ததெல்லாம்?"

"சார் கையிலயே குடுத்துட்டேன். யாருக்கும் தெரியாம."

"அப்ப என்னோடதை மட்டும் ஏன் என் கையில குடுக்கலை?"



டீச்சர் உள்ளே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடைக்காரர் தோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் அக்கா ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"வேண்டாங்க்கா," டீச்சர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என் சாமானை இனிமே நானே எடுத்துக்கறேன்."