மீன் தொட்டிக்கு ஓர் ஓவர்ஃப்ளோ

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. சுவரில் கை வைக்க முடியாத வெயில். வாசல் வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் கண்ணாடிக் கடைக்காரர் என் மீன் தொட்டியில் துளை போட உட்கார்ந்தார்.

எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரணத் தொட்டிதான். மூன்றடி நீளம், பதினைந்து அங்குல அகலம், ஒன்றரை அடி உயரம். ஆனால் உள்ளே இருப்பது கடல் தண்ணீர். தருமபுரிக்குக் கடல் வராது என்பதால், வடிகட்டிய தண்ணீரில் அதற்கென விற்கும் உப்பை லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கலந்து நானே கடல் செய்துகொள்கிறேன். அந்தக் கடலில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு பவளமும் இருக்கின்றன. மோதிரத்தில் பதிக்கும் பவளம் அல்ல, உயிருள்ளது. பகலில் விரல் விரலாக விரியும், விளக்கை அணைத்தால் சுருங்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என் சொல்லுக்குக் கட்டுப்படுவது அது ஒன்றுதான்.

அந்தப் பவளம் பங்குனி முழுக்கச் சரியாக விரியவில்லை. தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஓர் ஆடை படிந்தது. தாளைப் போட்டு ஒற்றி எடுத்தால் மறுநாளே மீண்டும் படிந்தது. பெங்களூரில் இதை எனக்கு விற்றவரிடம் போனில் கேட்டேன்.

"மேல் தண்ணி வழிஞ்சு கீழே இன்னொரு தொட்டியில விழணும் சார். அங்க அழுக்கு நின்னுடும். ஒரு சின்ன பம்ப் அதைத் திரும்ப மேலே ஏத்தணும். ராத்திரி பகல் சுத்திக்கிட்டே இருக்கணும். நின்னா பவளம் போயிடும்" என்றார்.

மூன்று உயிர்களையும் வாளிக்கு மாற்றி, தொட்டியைப் பாதி வடித்து, பக்கக் கண்ணாடியில் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அடிக்கண்ணாடி சூடேற்றிக் கெட்டிப்படுத்தியதாக இருந்தால் துளை போடும்போது பொடிப்பொடியாகிவிடும் என்பதால் பக்கக் கண்ணாடி. இத்தனையும் விளக்கிவிட்டு, மோட்டார் சத்தம் தாங்காமல் வாளியோடு சமையலறைக்குப் போனேன். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தால், துளை என் வட்டத்தில் இல்லை. விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் கீழே இருந்தது.

"ஏங்க, வட்டம் போட்டு வெச்சிருந்தனே, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது சார். தொட்டின்னா ஓவர்ஃப்ளோ நாலு இஞ்சு கீழதான் சார் வெக்கணும். மேல வெச்சா மூடி நனையும். இந்த ஊருல எத்தன மாடித் தொட்டிக்கு வெச்சிருக்கேன்!"

"இது மாடித் தொட்டியா?"

"தண்ணி நிக்கிறதெல்லாம் தொட்டிதான் சார்." பிறகு, என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்வது போல, "குழாய செவுத்துல விட்டு வெளிய எடுத்துடட்டுங்களா? கறிவேப்பிலைக்குப் பாயும்" என்றார்.

கடலைக் கறிவேப்பிலைக்குப் பாய்ச்சச் சொல்கிறார். இரண்டு அங்குலம் இறங்கியதில் எனக்குப் பதினேழே முக்கால் லிட்டர் தண்ணீர் குறைந்தது. கண்ணாடியில் போட்ட துளையை அடைக்க முடியுமே தவிர நகர்த்த முடியாது. குழாயைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். மாலை நாலரைக்குப் பம்ப் ஓடியது. மேல் தண்ணீர் துளையில் புகுந்து, கீழ்த்தொட்டியில் சளசளவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தை நின்று கேட்டேன். திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி மறுநாள் காலைவரை நீடித்தது.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எல்லார் வீட்டிலும் போர். எந்தப் போரிலும் கோடையில் தண்ணீர் நிற்பதில்லை. எனவே தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட எச்சில் கையோடு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். அடுத்த வீட்டுத் தண்ணீராக இருந்தால் மதிலுக்கு மேல் கூவுவார். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். என் மனைவியின் கைக்கு அதில் முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சளசளவென்று சத்தம். அவள் என் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டாள். பம்ப் நின்றதும், தண்ணீர் ஏறிய குழாய் வழியாகவே தலைகீழாக இறங்கி, கீழ்த்தொட்டி நிரம்பி, தரையெங்கும் கடல். துண்டோடு ஓடி வந்தேன்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"தண்ணி ஊத்துது, நிறுத்துனேன். ஊத்தறப்ப நிறுத்தாம கும்புடச் சொல்றீங்களா?"

"ஊத்தறதுக்குத்தானே துளை போட்டது!"

"வூட்டுக்குள்ள ஊத்தறதுக்கு ஒரு மனுசன் காசு குடுத்துத் துளை போடுவாருன்னு நான் எங்க கண்டேன்?" தரையைத் துடைத்துக்கொண்டே, தொட்டியின் எதிர்காலத்தையும் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ இந்தத் தரையில உப்புத் தண்ணி நின்னுச்சு, தொட்டி உங்க பெங்களூர்க்காரங்கிட்டயே போயிடும். சொல்லிட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை. எங்கள் பழைய சோபா இப்படித்தான் போனது.

பெங்களூர்க்காரர் இரண்டு வழி சொன்னார். ஏறும் குழாயில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை. பம்ப் நின்றால் அது காற்றை இழுத்துத் தண்ணீர் இறங்குவதை நிறுத்திவிடும். அதை அன்றே போட்டேன். இன்னொன்று, இறங்கும் குழாயின் வாயில், முழங்கை போல வளைந்த குழாய்த் துண்டான எல்போ ஒன்றைக் கீழ்நோக்கிப் பொருத்தி, அதன் தலையில் ஊசித்துளை போட்டால் சத்தமே வராது. நாற்பத்தைந்து ரூபாய் எல்போ. வேண்டாம் என்றேன். சத்தம் இருந்தால்தானே பம்ப் ஓடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்?

அதற்குப் பதிலாக வீட்டையே பழக்கினேன். சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். மனைவி எழும்போதெல்லாம், "அது என் தொட்டி, தொடாதே" என்றேன். முதல் நாளில் பதினொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் வாரத்தில் அவள் எழுவதே நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் கூவினால்கூட, "அது மீன் தொட்டிம்மா, அப்படித்தான் ஊத்தும்" என்று இங்கிருந்தே பதில் சொல்லத் தேர்ந்துவிட்டாள். பவளமும் விரலை நீட்டத் தொடங்கியது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மனைவி போர் மோட்டாரைப் போட்டுவிட்டுப் புளி ஆய உட்கார்ந்தாள். நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, சத்தம் ஜாஸ்தியா இல்ல?"

"தொடாதே. அது என் தொட்டி."

மதிலுக்கு அப்பாலிருந்து, "அக்கா! தண்ணி ஊத்துதுங்க!"

"மீன் தொட்டிம்மா!"

"மீன் தொட்டி எங்க மாட்டுக் கொட்டாய்லயா ஊத்தும்?" என்று அவள் கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அப்போது யார் காதிலும் விழவில்லை, அவ்வளவு சத்தம்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. பம்ப் போய்விட்டதோ என்று தொட்டியிடம் ஓடினேன். தண்ணீர் ஒழுங்காக வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மீன்களும் என்னைப் பார்த்தன. அப்படியானால் நின்றது எது?

மாடித் தொட்டி நிரம்பி, பின்பக்கம் ஊற்றி, போரில் இருந்ததெல்லாம் தீர்ந்து, மோட்டார் வெறுங்குழாயில் ஓடியிருக்கிறது. மோட்டாரின் ஸ்டார்ட்டர் தானாக அணைந்து விழுந்து கிடந்தது. பட்டனை மறுபடி அழுத்தினால், நிற்காமல் மறுபடியும் விழுந்தது. அறுநூற்று நாற்பது அடிக்குக் கீழே மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றாள். "மாடு நிக்க எடமில்லீங்க சார். உங்க மீன வேணா அங்க கொண்டாந்து வுடுங்க, நல்லா நீந்தும்."

மனைவி அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். பிறகு ஹாலுக்கு வந்து, கீழ்த்தொட்டியைச் சுற்றிக் குனிந்து, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். தொட்டி இன்றே கிளம்பும் என்றுதான் நினைத்தேன். விரிந்திருந்த பவளத்துக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"நவுருங்க. உப்புத் தண்ணி ஒரு சொட்டு இல்ல. நான் உப்புத் தண்ணின்னுதான் சொன்னேன். இது நல்ல தண்ணி. தொட்டி இருந்துட்டுப் போவட்டும்."

"அப்படியா?"

"ஆனா அந்த வாயி இன்னிக்கே மூடணும். இனிமே இந்த வூட்டுல ஒரு சத்தம்தான் கேக்கணும். அது கேட்டா நான் நிறுத்துவேன். என்னோட கைய யாரும் புடிக்கக்கூடாது."

அன்று மாலையே எல்போ போட்டேன். தொட்டி இப்போது சத்தமில்லாமல் வழிகிறது. பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க நான்தான் ஒவ்வொரு முறையும் எழுந்து போகிறேன். துளை, கீழ்த்தொட்டி, பம்ப், குழாய், போன உப்பு எல்லாம் சேர்ந்து 6,240. மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க 14,300. எல்போ 45. ஆக மொத்தம் ரூபாய் 20,585.