அர்பென் கொண்டாடாத கோல்கள்

கால்பந்து கிளப்பில் பந்தைத் தொடாமலே செய்யக்கூடிய வேலைகள் பல உண்டு. அவற்றில், மேட்ச் நடக்கும்போதுகூட மேட்சைப் பார்க்க முடியாத வேலை என்னுடையது.

எங்களுடையது டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் பக்கம் ஒரு சின்ன கிளப். பெரிய லீக் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு விசா பேப்பர், அபார்ட்மென்ட், டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளுக்கு ஸ்கூல், பல் வலித்தால் டென்டிஸ்ட் எல்லாவற்றுக்கும் நான்தான். கணவர் சேகருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, அவர் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள் நான். எட்டு வருஷம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து, குடும்பத்தின் எல்லா ஃபாரங்களையும் நிரப்பினேன். அந்த ஒரே தகுதியில்தான் இந்த வேலை கிடைத்தது. லைசென்ஸ் ஆபீஸிலும் ஸ்கூல் ஆபீஸிலும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என் இனத்தவரே, இது உங்களுக்காக.

ஐந்து வரி

அர்பென் அல்பேனியாக்காரன். முப்பத்திரண்டு வயது. முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்டிரைக்கர். என் தம்பி வயது என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில். அதைத் தமிழில் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படித் தந்திருக்கிறேன்.

அவனை முதலில் பார்த்தது வீடியோ காலில், விசா ஃபாரம் நிரப்புவதற்காக. இதற்கு முன் வேலை பார்த்த இடங்களைச் சொல்லு என்றேன். ஆரம்பித்தான். அல்பேனியாவில் இரண்டு கிளப், கொசோவோவில் ஒன்று, கிரீஸில் இரண்டு, அப்புறம் துருக்கி, கஜகஸ்தான், மால்டா, கடைசியாக சைப்ரஸ். பத்து வருஷத்துக்குள் ஒன்பது கிளப், ஏழு நாடு. என் சித்தப்பா ரயில்வேயில் இருந்தார், அவருக்குக்கூட இத்தனை டிரான்ஸ்ஃபர் வந்ததில்லை. ஃபாரத்தில் ஐந்து வரிதான் இருக்கிறது, மிச்சத்துக்குத் தனிப் பேப்பர் வைக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"கோல் அடிக்காத கிளப்பை எல்லாம் விட்டுடுங்க, மிஸ் கல்பனா. சரியா அஞ்சு வரும்."

இடது பக்கம்

பிப்ரவரியில் வந்து இறங்கினான். டெக்ஸாஸில் கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. அதுவும் காலை வைத்துப் பிழைக்கிறவனுக்கு. லைசென்ஸ் டெஸ்டுக்கு நாள் வாங்குவதற்குள் எனக்கு ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த அனுபவம் கிடைத்தது. வாரம் இரண்டு நாள் காலி பார்க்கிங்கில் பழக்கினேன். இரண்டு பிளாஸ்டிக் கம்பத்துக்கு நடுவே காரைப் பின்பக்கமாக நுழைத்து நிறுத்துவதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். இவன் அதை அல்வா மாதிரி செய்தான். இரண்டு தடியர்களுக்கு நடுவில் புகுந்து போவதுதானே அவன் தொழில்!

டெஸ்ட் அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தியதைப் பார்த்து உள்ளூர ஒரு சபாஷ் போட்டேன். அப்புறம் கார் தெருவுக்குப் போனது. ஒரு திருப்பம், ஆளில்லாத ரோடு. பழக்க தோஷத்தில் சைப்ரஸில் ஓட்டுகிற மாதிரி இடது பக்கமாகவே போய்விட்டான். திரும்பி வந்ததும் டெஸ்ட் எடுத்த அம்மாள் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள்.

"அவர் நல்லாத்தான் ஓட்டறார், மேடம். நாடுதான் வேற."

எலுமிச்சம்பழம்

இரண்டாவது தடவையில் லைசென்ஸ் வந்தது. பழைய கார் ஒன்று வாங்கினான். புதுசோ பழசோ, சாவி கைக்கு வந்த அன்று நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் என்னால் ஒரு வண்டியை ரோட்டுக்கு அனுப்ப முடியாது. நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் குனிந்து பழம் வைத்துக்கொண்டிருந்தபோது என்னவென்று கேட்டான். திருஷ்டி என்பதை எப்படி விளக்குவது என்று யோசித்தபடி, கெட்ட கண் என்றேன். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அல்பேனியாவில் புது வீடு கட்டினால் துணி பொம்மை செய்து மாடியில் தொங்கவிடுவார்களாம், கண் படாமல் இருக்க! நான் போனில் தேடி நம்ம ஊர்த் திருஷ்டி பொம்மையைக் காட்டினேன். இரண்டு பேரும் ஏதோ தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம்.

அது விளையாட்டாக முடிந்திருக்கும். ஆனால் சீசன் ஆரம்பித்து ஏழு மேட்ச் போனது, அர்பெனுக்கு ஒரு கோல்கூட இல்லை. பந்து கம்பத்தில் பட்டது, கோல்கீப்பரின் முகத்தில் பட்டது, எங்கள் ஆள் மேலேயே பட்டது. எட்டாவது மேட்ச் அன்று என் ரூம் வாசலில் வந்து நின்று, பூட்ஸுக்கும் பழம் வைக்கலாமா என்று கேட்டான். எந்த சாஸ்திரத்திலும் இல்லைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? ஆடை மாற்றும் அறைக்கு வெளியே இரண்டு பழம் வைத்தேன். வலது காலை முதலில் வைத்து நசுக்கிவிட்டுப் போனான். அன்று கோல் விழுந்தது. மறுநாள் ஜெர்சி துவைத்து மடித்துத் தரும் ராமோன், கையில் மளிகை லிஸ்டோடு வந்தார்.

"அடுத்த மேட்சுக்கு மூட்டையாவே வாங்கிடறேன், மிஸ் கல்பனா. மத்த பத்து பேரும் கேக்கறாங்க."

ரொட்டியும் உப்பும்

அந்த முதல் கோலை நான் பார்க்கவில்லை. எங்கள் பிரேசில் பையன் தப்பான இடத்தில் நிறுத்திய காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரம் நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் சொன்னது இது: ஏழு மேட்ச் பட்டினி கிடந்தவன் கோல் அடித்துவிட்டு ஓடவில்லை, குதிக்கவில்லை, சட்டையைக் கழற்றவில்லை. இரண்டு கையையும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி உயர்த்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தான். அரங்கமே, கோலா இல்லையா என்று குழம்பிவிட்டது.

எங்கள் மேனேஜர் டெபிக்குக் கோபமான கோபம். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் கொண்டாட்டம் பார்க்கத்தான் வருகிறார்கள், போய் விசாரி என்று என்னை அனுப்பினாள். விசாரித்தேன். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த எதிரணியின் கோல்கீப்பரும் இவனும் சைப்ரஸில் ஒரே வீட்டில் இருந்தார்களாம், அந்தக் கோல்கீப்பர்தான் தினமும் சமைப்பானாம். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடாமல் இருப்பது பல ஆட்டக்காரர்களின் மரியாதை. ஒரே கிளப்பில் பத்து வருஷம் இருந்தவனுக்கு அது சுலபம். ஒன்பது கிளப் மாறியவனுக்கு? எந்த அணி வந்தாலும் அதில் எங்கேயோ ஒரு நாட்டில் இவனோடு சாப்பிட்ட ஒருவன் இருந்தான். அந்த சீசனில் ஒன்பது கோல் அடித்தான், கொண்டாடியது இரண்டைத்தான். அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பது தனிக் கதை. இப்படி ஒரு கட்டுப்பாடு தேவையா என்று கேட்டேன்.

"யார் வீட்டுல ரொட்டியும் உப்பும் சாப்பிட்டேனோ, அவங்க தோக்கறப்ப நான் எப்படிச் சிரிக்கறது, மிஸ் கல்பனா?"

லேயாவின் பெட்டி

ஆகஸ்டில் அவன் மனைவி வேராவும் எட்டு வயது மகள் லேயாவும் வந்து சேர்ந்தார்கள். ஸ்கூல் அட்மிஷன் ஃபாரத்தில், இதற்கு முன் படித்த பள்ளி என்ற இடத்தில் கஜகஸ்தான், மால்டா, சைப்ரஸ் என்று எழுதினேன். ஆபீஸில் இருந்த பெண் மூன்று தடவை படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போன எங்கள் தமிழ்ப் பள்ளியில் குழந்தைகளோடு ஒரே நாளில் பழகிவிட்ட லேயா, அவர்களைப் பார்த்து என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதைக் கேட்டதும் எனக்கு உருகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அந்த விஷயத்தில் அவர்கள் நம்மவர்கள். லேயா தன் ரூமைக் காட்டினாள். கட்டில், மேஜை, ஒரு விளக்கு. அலமாரியைத் திறந்தால் காலி! சட்டை, புத்தகம், கலர் பென்சில் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஊதாப் பெட்டிக்குள் இருந்தன. காலையில் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு மூடிவிடுவாளாம். அர்பெனின் ஒப்பந்தம் ஒரு வருஷம்தான். நீட்டிப்பதா வேண்டாமா என்று கிளப் நவம்பரில் சொல்லும். ஒப்பந்தம் போனால் விசா போகும், விசா போனால் இந்த ஸ்கூலும் போகும். இதையெல்லாம் எட்டு வயதில் தெரிந்து வைத்திருந்தாள். சட்டையை மாட்டி வைக்கட்டுமா என்று ஹேங்கரை எடுத்தேன்.

"காலி பண்ணினா மறுபடி அடுக்கணும், ஆன்ட்டி. கிளப் சொல்லட்டும், பார்க்கலாம்."

மூன்று டிக்கெட்

கிளப் சொல்லிவிட்டது. வேண்டாமாம். டெபிக்கு, கோல் அடித்தால் குட்டிக்கரணம் போடுகிற இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கிடைத்துவிட்டான். வருகிறவர்களைப் போலவே போகிறவர்களும் என் பொறுப்புதான். வீட்டுச் சாவியை வாங்கு, அவர்கள் நாட்டுத் தலைநகர் டிரானாவுக்கு மூன்று டிக்கெட் போடு என்றாள். டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன். நாலு தடவை இப்படி. ஐந்தாவது தடவை திறக்காமல் வேறொரு காரியம் செய்தேன். லீக்கில் என் வேலையைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. நல்ல டென்டிஸ்ட் யார், எந்த அபார்ட்மென்ட்டில் எலித்தொல்லை என்றுதான் அதில் எழுதுவோம். "நல்ல ஸ்டிரைக்கர் இருக்கிறான். லைசென்ஸ் கையில் இருக்கிறது" என்று போட்டேன். டெக்ஸாஸிலேயே கேட்டி என்ற ஊரின் கிளப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவர்கள் ஸ்டிரைக்கருக்கு முட்டியில் ஆபரேஷனாம்.

விசா மாற்றத்துக்கு மறுபடி அதே ஃபாரம், அதே ஐந்து வரி. சந்தோஷமாக நிரப்பினேன். ஆனால் கேட்டி இரண்டரை மணி நேரம் தள்ளி இருக்கிறது. குடும்பத்தோடு அங்கே போனால் லேயாவுக்கு மறுபடி புது ஸ்கூல். அர்பெனும் வேராவும் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த சேகர் என்னைப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ டென்ஷன்? ஆறு வருஷம் மண்டே ஃபிளைட் ஏறி தர்ஸ்டே திரும்பி வந்தவன் நான். கன்சல்டிங்ல எல்லாரும் அப்படித்தானே குடும்பம் நடத்தினோம்? அவனை அங்க ஒரு ரூம் ஷேர் பண்ணச் சொல்லு, லீவு நாள்ல டிரைவ் பண்ணி வரட்டும்" என்றார். பிறகு அதையே இங்கிலீஷில், பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டிய மைக்ரோவேவ் சாப்பாடு முதற்கொண்டு ஒரு முழு வகுப்பாக எடுத்தார். என் கணவரின் உத்தியோக அனுபவம் ஒரு ஸ்டிரைக்கருக்குப் பயன்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அடுத்த வாரம், கிளப் பேரில் இருந்த வீட்டை வேரா பேருக்கு மாற்றுகிற சாவி விஷயமாகப் போனபோது லேயாதான் கதவைத் திறந்தாள். அலமாரி நிறைந்திருந்தது. ஊதாப் பெட்டி வாசலில் காலியாக நின்றது.

"பெட்டி இனிமே அப்பாவுக்கு, ஆன்ட்டி. நான் எங்கயும் போகலை."

கழுத்து அட்டை

அடுத்த சீசன், ஏப்ரலில், கேட்டி அணி எங்கள் ஊருக்கு விளையாட வந்தது. எலுமிச்சம்பழம் எங்கள் பக்கத்துப் பதினொரு பேருக்கும் வைக்கப்பட்டிருந்தது. எதிரணி அறை வாசலிலும் இரண்டு பழம் இருந்ததைப் பார்த்தேன். ராமோனிடம் கேட்டால் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. அன்று அதிசயமாக யார் காரும் இழுக்கப்படவில்லை, யாருக்கும் பல் வலிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்த்தேன். ஒரு பக்கம் டெபி. இன்னொரு பக்கம் வேராவும் லேயாவும்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில், அந்தப் பிளாஸ்டிக் கம்பத்துக்கு நடுவில் நுழைந்த மாதிரியே நுழைந்து, தலையால் ஒரு முட்டு. கோல்! அர்பென் ஓடவில்லை. இரண்டு கையையும் உயர்த்தினான், தலையைக் குனிந்தான். லேயா வாயைத் திறந்தாள், வேரா பொத்தினாள். எங்கள் ஜனங்கள் ஐயாயிரம் பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு விசில் சத்தம் கேட்டது. யாரது என்று பார்த்தால் நான்! எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, வில்லிவாக்கத்தில் பதினைந்து வயதில் அடித்த அதே விசில். அர்பென் தலை நிமிர்ந்து பார்த்தான், அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டான். டெபி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"கல்பனா, உன் கழுத்துல தொங்கற அட்டையில எந்தக் கிளப் பேர் போட்டிருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு உட்கார்."

ஆகவே என் இனத்தவரே, உப்பு தின்ற இடத்தில் கொண்டாடாமல் இருக்கும் கட்டுப்பாடு கோல் அடித்தவனுக்குத்தான், அவனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவளுக்கு இல்லை.