அண்ணி அளந்த தண்ணீர்

அண்ணியின் நீச்சல்குளப் படிப்பு நாக்கில்தான் தொடங்கியது. உப்புத்தண்ணீர்க் குளம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படி எவ்வளவுதான் உப்பு இருக்கிறது என்று பார்க்க, ஓரத்தில் குந்தி உட்கார்ந்து விரலை நனைத்து நக்கிப் பார்த்தாள்.

"சமையலுக்குப் பத்தாது" என்றாள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அன்று குளத்துக் கேட்டைப் பூட்டுவதற்காகப் பூட்டும் சாவியுமாக வந்திருந்தார். பராமரிப்புக்காரன் வருவதை நிறுத்தி வெகு நாளாயிற்று. தண்ணீர் கலங்கி, படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்கியது. மண்ணைக் கொட்டி மூடிவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று சங்கத்தில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொதுக்கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தது. அதுவரை பூட்டு.

"பூட்டாதீங்க சார். நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்கு இதப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டாப் போச்சு."

அண்ணி ஒரு தையல்காரி. கீழ்த்தளத்துக் கடைசி வீட்டில், ஜன்னலோரம் போட்ட மெஷினில் பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பவள். அந்த ஜன்னலைத் திறந்தால் குளம். அவளுடைய நாத்தனார் அதே வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் என்பதால் அண்ணி அவளைப் பட்டதாரி என்றே கூப்பிடுவாள். அந்தக் கூப்பிடலில் பாதி பெருமை, பாதி கேலி. எது எந்தப் பாதி என்று பட்டதாரிக்கே பல நாள் பிடிபட்டதில்லை.

"எதுக்கு அண்ணி வாயைக் கொடுத்து மாட்டிக்கிறீங்க?" என்று வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள்.

"உங்க அண்ணன் எங்க நடப்பாரு, சொல்லு. உன் பட்டத்து மேலயா?"

அண்ணன் பேருந்து ஓட்டுநர். நின்றிருந்த பேருந்தின் மீது பின்னாலிருந்து ஒரு லாரி மோதியதில் இடுப்பு நொறுங்கி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு வீடு வந்து சேர்ந்தவன். தரையில் நாலு எட்டு வைப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். மார்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டால் ஆளே வேறு. பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள, கைகளை ஸ்டியரிங் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடப்பான். அப்படி விடாமல் நடந்தால்தான் தரையிலும் நடை வரும், இடையில் விட்டால் மூட்டு இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குளத்துக்குப் போடும் பூட்டு அண்ணன் காலுக்கும் போடும் பூட்டு என்பது வீட்டில் மூவருக்கும் தெரியும்.

நீச்சல்குளச் சாமான் விற்கும் கடைக்காரரிடம் அண்ணி போய் நின்றாள். துணைக்குப் பட்டதாரி. கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் ஒரு வாக்கியத்தில் ஐந்து விஷயத்தைச் சொல்லிவிடுவார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒவ்வொண்ணா வாங்க. உப்பு எதுக்கு? கிருமியக் கொல்லவா?"

"உப்பு கொல்லாதும்மா. பம்ப் ரூம்ல தகடு வெச்ச பெட்டி ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்குள்ள கரன்ட் ஓடி உப்புலேர்ந்து குளோரினைப் பிரிக்கும். கொல்லுறது அந்தக் குளோரின்தான். உப்பு குறைஞ்சா குளோரின் பிறக்காது."

"சரி, புளிப்பு ஏன் பார்க்கணும்?"

"இந்த மாதிரிக் குளத்துல புளிப்புக் குறைஞ்சு பி.எச். ஏறிக்கிட்டே போகும். ஏற விட்டா தகட்டுல சுண்ணாம்பு படியும், குளோரினும் சோம்பிடும். அப்பப்ப அமிலம் ஊத்தி இறக்கணும்."

"ஊத்துனா ஒரேயடியா இறங்கிடாதா?"

"இறங்காம தாங்கிப் பிடிக்கத்தான் காரத்தன்மைன்னு ஒண்ணு இருக்கு."

அண்ணி பிடித்துக்கொண்டாள். "காலருக்குள்ள கேன்வாஸ் வெக்கிற மாதிரி. அது இல்லைன்னா காலர் ஒரு பக்கமா சாஞ்சிடும்."

கடைக்காரர் பட்டதாரியைப் பார்த்து, "இதையே நான் பத்து வருஷமா மூச்சுமுட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்க ஒரு தூள் உண்டு என்றதும், "குடை" என்றாள் அண்ணி. அப்படியே எல்லாவற்றுக்கும் அவள் அகராதியில் இடம் கிடைத்துவிட்டது.

செய்முறையில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. தண்ணீரை மேலாக மொள்ளாமல், முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுப்பாள். சோதனைத் தூள் போட்ட கண்ணாடிக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கிய பட்டதாரியின் கையில் ஒரு தட்டுத் தட்டி, "உன் விரல் அழுக்கையும் சேர்த்தா அளக்கப்போற?" என்று மூடியை நீட்டினாள். நிறம் பார்ப்பதை டியூப்லைட் அடியில் வைத்துக்கொள்ள மாட்டாள். நூலுக்கும் துணிக்கும் நிறம் சேர்ப்பவளுக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் துணி பிடித்து, அட்டையில் இருக்கும் இளஞ்சிவப்புகளோடு ஒப்பிடுவாள். அமிலத்தை வாளித் தண்ணீரில் ஊற்றுவாளே தவிர, அமிலத்தில் தண்ணீர் ஊற்ற மாட்டாள். பம்ப் ஓடும்போது குளத்தைச் சுற்றி நடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். தண்ணீர் தெளிந்தது. அடித்தளத்து ஓடுகளின் கோடுகள் மேலிருந்தே தெரிந்தன. அண்ணன் ஊன்றுகோலைக் கரையில் போட்டுவிட்டு இறங்கினான். செயலாளர்கூட ஒருநாள் வேட்டிக் கரையைத் தூக்கிக்கொண்டு காலை நனைத்துவிட்டுப் போனார்.

பிறகு அடைமழை பிடித்தது. குளம் விளிம்பு தட்டி வழிந்தது. உப்பு நீர்த்துப் போய், குளோரின் பிரிக்கும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி குழாயில் தண்ணீரெடுத்துச் சோதனைத் தூளைப் போட்டாள். நிறமே வரவில்லை. துளிக் குளோரின் இல்லை.

அவள் பதறவில்லை. உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள். இயந்திரத்தை முழு வேகத்தில் வைத்தாள். அது போதாதென்று கடையில் வாங்கிய திரவக் குளோரினையும் ஊற்றினாள். மறுநாள் பார்த்தால் நிறம் இல்லை. இன்னும் ஊற்றினாள். அடுத்த நாளும் இல்லை. பி.எச். பார்த்த குழாயோ, ஏறிவிட்டது என்பதுபோல் கருநீலமாகக் காட்டியது. அமிலத்தையும் ஊற்றினாள். பொதுக்கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னமும் குளோரின் இல்லையாமே?" என்று செயலாளர் ஜன்னல் வழியே கேட்டுவிட்டுப் போனார். மண் லாரிக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும் பேச்சு.

அண்ணி எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று வெட்டிய சீருடைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் குளத்தடியிலிருந்து குரல் வந்தது.

"ஏய் பட்டதாரி, ஓடி வா. இதக் கண்ண இமைக்காமப் பாரு."

அண்ணி புதிதாக எடுத்த தண்ணீரில் தூளைக் கொட்டினாள். தூள் இறங்கிய இடத்தில் சிவப்பாக ஒரு நூல் சுருண்டு எழுந்தது. அடுத்த மூச்சில் காணோம். தண்ணீர் பளிங்காக நின்றது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க போச்சு?"

பட்டதாரி குழாயைக் குனிந்து பார்த்தாள். அண்ணி குழாயைப் பார்த்தபடியே சொன்னாள். "வராத நிறம் வேற, வந்து ஓடிப்போன நிறம் வேற. கறைபட்ட துணிய ப்ளீச்சுல போட்டா கறை போகும். கை மிஞ்சிடுச்சுன்னா துணியில இருக்கிற பூவும் சேர்ந்து போயிடும். இது இல்லாம இல்லடி. அளவு கெட்டு இருக்கு. போடுற நிறத்தையே தின்னுது."

சொல்லிக்கொண்டே திரும்பி, கொடியில் காய்ந்த அண்ணனின் அரைக்கால் சட்டையை இழுத்தாள். கருநீலமாக இருந்தது இப்போது சேற்று நிறத்தில் இருந்தது. இடுப்பு எலாஸ்டிக் இழுத்த இடத்திலேயே நின்றது. அடுத்தவர் துணியில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிப்பவள், சொந்த வீட்டுக் கொடியைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

"என்னங்க, கண்ணு எரியுதா?"

அண்ணன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தான். "லேசா."

"லேசான்னா?"

"எரியுது. சொன்னா குளத்த மூடிடுவ. அதான்."

பட்டதாரிக்கு அப்போது ஒன்று தோன்றியது. "அண்ணி, தூள் தாங்காத அளவுக்கு இருக்குன்னா, தண்ணிய நீர்க்கப் பண்ணிப் பார்க்கலாமே. ஒரு பங்கு குளத்துத் தண்ணி, ஒன்பது பங்கு பாட்டில் தண்ணி. வர்றதப் பத்தால பெருக்குவோம்."

செய்தார்கள். குழாய் செக்கச்செவேலென்று சிவந்தது. பத்தால் பெருக்கியபோது இருக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு வந்தது. பி.எச். குழாய் காட்டிய கருநீலமும் பொய்தான் என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். குளோரின் மிஞ்சினால் பி.எச். பார்க்கும் சொட்டு மருந்தும் ஏமாற்றுமாம். அதை நம்பி ஊற்றிய அமிலம் வேறு தண்ணீரைப் புளிக்க வைத்திருந்தது.

முதல் நாள் குழாய் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய். இரண்டும் ஒரே முகத்தோடு வந்து நின்றன. பட்டதாரி தன்னையே கேட்டுக்கொண்டாள்: ஒரு விடை கையில் கிடைத்துவிட்டால் அதைத் திருப்பிக் கேள்வி கேட்டுப் பார்த்த நாள் தனக்கு ஒன்றாவது உண்டா?

ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு. "அண்ணி, மெஷினை நிறுத்திடுவோம். வெயில் அடிச்சா தானா இறங்கிடும். நாளைக்குக் கூட்டம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். தண்ணியப் பார்த்தா யாருக்குத் தெரியும்?"

அண்ணி பம்ப் அறைக்குப் போய் இயந்திரத்தை அணைத்தாள். வீட்டுக்குள் வந்து தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு திரைச்சீலையின் ஓரத்தை மடித்துத் தைத்தாள். தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடி வீட்டுக் குட்டி நேத்து குளிச்சுது" என்றாள் கடைசியில், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு. எழுந்து போய்க் குளத்துக் கேட்டைப் பூட்டினாள். அங்கிருந்து நேரே மாடி ஏறினாள்.

அந்தக் குழந்தையின் அம்மா ஒரு செவிலி. இரவு வேலை முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தவள், விஷயத்தைக் கேட்டதும் முழுதாக விழித்துக்கொண்டாள். அவள் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. அண்ணி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். குழந்தையின் கண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். சிவப்பு வடிந்திருந்தது.

பொதுக்கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. குளம் ஏன் பூட்டியிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். அண்ணி எழுந்து நின்றாள். மேடைப் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள்.

"குளோரின் இல்லைன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே போயிட்டேன். இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. தப்பு தண்ணி மேல இல்ல, என் மேல. இறங்குற வரைக்கும் யாரும் குளிக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரரும்தான்."

"அப்ப இத்தனை நாளா ப்ளீச்சுலயா குளிச்சோம்?"

"ஆமாங்க."

"அதான் என் முடி வெளுத்துப் போச்சா?"

"உன் முடி போன வருஷமே வெளுத்தாச்சு, உட்காருய்யா" என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்கியதும் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். இதற்குத்தான் தொழில் தெரிந்தவர் வேண்டும் என்பது, மூடிவிட்டால் தொல்லை விட்டது என்றார். பல தலைகள் ஆடின. பட்டதாரி அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது செவிலி எழுந்தாள்.

"என் கோபம் இன்னும் தீரல. எங்க பொண்ணு ராத்திரியெல்லாம் கண்ணக் கசக்குனாளாம். ஆனா பழைய ஆள் இருந்தப்பவும் அவளுக்குக் கண்ணு சிவந்திருக்கு. அவன் ஒருநாளும் மாடி ஏறி வந்து சொன்னதில்ல. இந்தக்கா வந்தாங்க." செயலாளர் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில ஒரு மருந்த ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்துட்டுத்தான் ஊசி போடுவோம். இங்க ஒருத்தரே அளந்து ஒருத்தரே ஊத்துறதுதான் தப்பு. அளக்க நானும் வரேன். அதுக்கப்புறமும் சரியா வரலைன்னா மண்ணக் கொட்டிக்கோங்க."

கை தூக்கச் சொன்னார்கள். குளம் இருக்கட்டும் என்பவர்கள் கொஞ்சம்தான் அதிகம். செயலாளர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அதன்பிறகு குளத்தடியில் ஒரு புது வழக்கம் வந்தது. இரண்டு பெண்களும் முதுகுக்கு முதுகு நின்று ஆளுக்கொரு குழாயில் அளப்பார்கள். ஒவ்வொருவரும் நீர்க்கப் பண்ணாமல் ஒரு தடவை, பண்ணி ஒரு தடவை. அடுத்தவர் குழாயை எட்டிப் பார்க்கக் கூடாது. பட்டதாரி நடுவில் நின்று இரண்டு காதிலும் இரண்டு விடையை வாங்கிக்கொள்வாள். சோடா உப்பைக் கரைத்து விட்டு, புளிப்பைச் சரிசெய்து, காரத்தன்மையை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். வெயிலும் தன் பங்கைச் செய்தது. எண் தினமும் கொஞ்சம் இறங்கியது. அண்ணன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒருநாள் அண்ணி குழாயை வெள்ளைத் துணிக்கு முன் பிடித்து, "இறங்கலாம்போல" என்றாள். குரலில் ஆசை தெரிந்தது.

"எனக்கு ஒரு படி அதிகமாக் காட்டுது" என்றாள் செவிலி.

அண்ணன் பாதி எழுந்திருந்தான். பட்டதாரிக்கு ஒரு கணம் செவிலியின் மீது ஆத்திரமே வந்தது. அண்ணி திரும்பி, அவள் குழாயை வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். தன்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அவங்க சொல்றதுதான் சரி. உட்காருங்க."

"கட்டின பொண்டாட்டியே சிக்னல் போட்டா வண்டி எங்கேர்ந்து கிளம்பும்?" என்று முனகிக்கொண்டே அண்ணன் உட்கார்ந்தான்.

மறுநாள் இருவர் குழாயிலும் ஒரே இளஞ்சிவப்பு. செவிலி தலையசைத்தாள். அண்ணி ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் கக்கத்தில் தோள் கொடுத்தாள். இறுகியிருந்த இடுப்பு முதல் படியில் முரண்டு பிடித்தது. அவன் பல்லைக் கடித்தான். இரண்டாம் படி, மூன்றாம் படி. தண்ணீர் மார்புக்கு வந்ததும் அவள் தோளை விட்டான். புதிதாகத் தைத்துக் கொடுத்த கருநீல அரைக்கால் சட்டையோடு, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, எதிர்க்கரையைப் பார்த்து மெதுவாக நடக்கத் தொடங்கினான்.