நின்றுபோன படம்

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டு சர்வர் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டுக் கேமராவை அதில்தான் இணைத்திருக்கிறேன். அப்பா போன பிறகு எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன், அம்மா கேட்கவில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். அதனால் கேமரா வைத்தேன். வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனியின் சர்வர்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அம்மாவையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று மதியம் மீட்டிங் முடிந்ததும் கேமராப் படத்தைத் திறந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பச்சைப் புள்ளி. எல்லாம் சரி என்று அதற்குப் பொருள். மூடப் போகும்போதுதான் மின்விசிறியைக் கவனித்தேன். சுற்றவில்லை. கரண்டு போயிருக்கும். போயிருந்தால் கேமராவும் அணைந்திருக்க வேண்டுமே? சுவர்க் கடிகாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்தரை. காலையிலேயே நின்றுபோன படத்தைத்தான் சர்வர் இவ்வளவு நேரமும் காட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. அம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கதவைத் தட்டும் சத்தம் போனிலேயே கேட்டது.

"உள்ள தாப்பா போட்டிருக்கு. டிவி ஓடுது, அத்தை சத்தத்தக் காணோமே."

"பின்கதவ ஒடச்சிருங்கக்கா. நான் இந்தா வாரேன்."

ஸ்கூட்டரை எடுத்தேன். பஞ்சு ஏற்றிய லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் ஆடி ஆடிப் போனது. ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பையில் போன் அடித்தது. வண்டியை நிறுத்தி எடுக்கப் பயமாக இருந்தது. எடுக்காமலே போனேன்.

பின்கதவு பெயர்ந்து கிடந்தது. அடுப்படித் தரையில் அக்காவின் மடியில் அம்மா சாய்ந்திருந்தாள். சேலையெல்லாம் வியர்வை. கண் திறந்திருந்தது.

"யாரும்மா நீ?" என்றாள் என்னைப் பார்த்து.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. குளுக்கோஸைக் கரைத்து ஸ்பூனால் வாயில் விட்டேன். பாதி கழுத்தில் வழிந்தது. "முழுங்கும்மா, இன்னொரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் என்னைப் படுத்தியதுபோல் எதுவும் படுத்தியதில்லை.

மெல்ல அவள் பார்வை என் முகத்தில் நின்றது.

"ஏட்டி, இன்னைக்கு வேலை இல்லையா?"

அக்காதான் முதலில் அழுதார்.

காலையில் ஊசி போட்டவள், பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். கேமராவைப் பார்த்தபோது, கரண்டு ஒரு தடவை போய் வந்ததில் அது ஸ்தம்பித்திருந்தது தெரிந்தது. படம் பழையதானால் அலாரம் அடிக்கும்படி சர்வரை மாற்றினேன். இன்னொரு சாவியை அக்காவிடம் கொடுத்தேன். முன்கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் இல்லை, பூட்டுதான்.

அலாரம் அநேகமாகப் பொய்யாகத்தான் அடிக்கிறது. நெட் கொஞ்ச நேரம் போனாலே போதும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் உடனே அக்காவைக் கூப்பிடுகிறேன்.

"இந்தா, அத்தை வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காவ. பேசுதியா?"

"குடுங்கக்கா" என்பேன். அம்மா வந்து திட்ட ஆரம்பிக்கும்வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.