செந்தூர்பாண்டியின் மாலை

வண்ணார்பேட்டையில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் செந்தூர்பாண்டி, டிவியில் பல வருடம் செத்தவராகவே இருந்தார்.

ஒரு குடும்பத் தொடரின் படப்பிடிப்பு ஆழ்வார்குறிச்சியில் நடந்தபோது, கதாநாயகியின் அப்பாவாக நடிக்க வந்த நடிகர் அறையில் ஏசி இல்லை என்று கோபித்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறிவிட்டார். நாற்காலி இறக்க வந்த செந்தூர்பாண்டியின் மீசை, தொடரின் மேனேஜர் ரசீதின் கண்ணில் பட்டது. ரசீத் மேலப்பாளையத்துக்காரர், பழகத் தெரிந்தவர்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு போட்டோ. சும்மா சுவத்துல தொங்கணும், அவ்வளவுதான்."

மாலை போடுவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கதாநாயகிக்குக் கஷ்டம் வரும்போதெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று அழுதாள். செந்தூர்பாண்டிக்குக் கல்யாண வீடுகளில் தனி மரியாதை கிடைத்தது.

"நேத்து உம்ம மவ அந்த அழுவை அழுதா, நீரு சிரிச்சுக்கிட்டுல்லா தொங்குதீரு?"

"செத்தவன் வேற என்னத்தவே செய்ய?" என்பார், முகமெல்லாம் பூரிக்க.

அவர் மனைவி சுடலைவடிவு அந்தத் தொடரை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பாட்டு கேட்டதும் அடுப்படிக்குள் போய்விடுவார்.

சென்ற வருடம் செந்தூர்பாண்டிக்கு நெஞ்சு வலித்தது. ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் பாளையங்கோட்டை டாக்டர். ஆஸ்பத்திரியில் சேரப் போன அன்று, பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ரீபா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க செத்துட்டீங்கல்லா?"

செந்தூர்பாண்டி சிரித்தார். சுடலைவடிவு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்திரிங்க. அங்கன மாலையத் தொங்கவிட்டுட்டு இங்கன கத்தி வைக்க நான் விடமாட்டேன்."

"ஏளா, இது கத்தி இல்ல. கம்பிதான்."

"எதுவா இருந்தாலும் மாலை இறங்கட்டும்."

டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ரசீதுக்குப் போன் போட்டார்கள்.

"படத்த எப்படி அண்ணாச்சி எடுக்க? மாமியார ரெண்டு தடவ மாத்தியாச்சு. மூத்த மவன் வேற சேனலுக்குப் போயிட்டான். வில்லி செட்டுல எல்லார்ட்டயும் எரிஞ்சு விழுதான்னு அவளையும் அனுப்பியாச்சு. ஆரம்பத்துல இருந்து மாறாம நிக்கது நீங்க ஒருத்தருதான். உங்களுக்குக் கெட்ட பேரும் கிடையாது."

இதைக் கேட்டு செந்தூர்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், சுடலைவடிவு போனைப் பிடுங்கினார்.

"தம்பி, படம் தொங்கட்டும். மாலைய மட்டும் கழட்டுங்க."

"மாலையக் கழட்டுனா உயிரோட இருக்காருன்னுல்லா ஆயிரும், அக்கா?"

"இருக்காருல்லா?"

ரசீத் அதை அப்படியே இயக்குநரிடம் சொன்னார். கதை தேய்ந்துபோய் அவரும் ஒரு திருப்பத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டொரு நாளில் எடுத்து, உடனே ஒளிபரப்பிவிட்டார்கள். காற்றடித்து மாலை பைய நழுவி விழுந்தது. அப்பா எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று யாரோ ஒரு சாமியார் சொன்னார். சுடலைவடிவு அன்றைக்குத்தான் டிவி முன்னால் முழுதாக உட்கார்ந்தார். மறுநாள் காலையில் அவரே ஆட்டோ பிடித்தார். ஸ்டென்ட் நல்லபடியாக வைத்தாயிற்று.

உயிரோடு இருப்பவர் வீடு திரும்ப வேண்டுமே. ரசீத் நடிக்கக் கூப்பிட்டபோது, "தொங்கச் சொன்னா தொங்குவேன், நடிப்பு நமக்கு வராதுவே" என்று செந்தூர்பாண்டி ஒதுங்கிக்கொண்டார். 'இவருக்குப் பதில் இவர்' என்று மாலையில்லாத அவர் படத்தையும் புதிய நடிகர் ஒருவரின் படத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். அவ்வளவுதான், யூடியூபில் கதை கிளம்பிவிட்டது. சம்பளம் கூட்டிக் கேட்டாராம், செட்டில் சண்டையாம், இயக்குநர் சட்டையைப் பிடித்தாராம்.

"அண்ணாச்சி, நெசமாவே?" என்று டீக்கடையில் கேட்டால், அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்குவே" என்பார்.

பக்கத்து வீட்டு முத்துராணி சுடலைவடிவிடமே வந்து கேட்டாள்.

"சண்டை போட்டது உள்ளதுதான். ஆனா போட்டது நான்" என்றார் சுடலைவடிவு.

தொடர் முடிந்ததும் ரசீத் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பினார். கடையில் மாட்ட வேண்டும் என்று செந்தூர்பாண்டி ஒற்றைக்காலில் நின்றார். மாட்டுங்க என்று சொல்லிவிட்டு, ஏணி போட்டு ஏறி சுடலைவடிவே ஆணி அடித்தார். கூரையை ஒட்டி, பந்தல் துணி தொங்கும் கம்பிக் கொடிக்கும் மேலே, எட்டி ஒரு மாலை போட யாராலும் முடியாத உயரத்தில்.