கோடு போடாத ஓடு

என் சித்திக்குத் தொட்டியிலிருந்து நாற்காலிக்கு வர ஆறு வருஷம் பிடித்தது. அகழாய்வுக் கிடங்கில் சேருகிறவர்கள் முதலில் தொட்டியருகே குத்துக்காலிட்டு, மண்ணுக்கடியில் கிடைத்த பானை ஓடுகளைப் பல் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டி தேய்ந்த பிறகு, கையெழுத்து நன்றாக இருந்தால் நாற்காலி. காய்ந்த ஓட்டின் உள்பக்கம், அது எந்த அடுக்கில் கிடைத்ததோ அந்த எண்ணை மெல்லிய பேனாவால் எழுதுவது அங்கே வேலை. எண் கூடினால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் வயது கூடும்.

கிடங்குக்கு இரண்டு பேராசிரியர்கள். கப்பல்காரர், உள்ளூர்க்காரர் என்பது சித்தி வைத்த பெயர்கள். ஆறாம் அடுக்கில் திடீரென்று அழகான கீறல் வேலைப்பாட்டோடு பானை வருகிறது, அதற்குக் கீழே கற்றுக்குட்டிப் பானை ஒன்றுகூட இல்லை, ஆகவே தெரிந்தவர்கள் கடல் தாண்டி வந்துதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பார் கப்பல்காரர். ஈர மண்ணில் நகத்தால் கீறுவதற்கு எவனும் கப்பலேறி வரவேண்டாம் என்பார் உள்ளூர்க்காரர். பதினோரு வருஷச் சண்டை. கேட்டுக் கேட்டுச் சித்திக்குக் காது புளித்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை, கிடங்கில் ஐப்பசி மாசத்துத் தட்டொன்றில் ஒரு ஓடு அகப்பட்டது. கோணல்மாணலாகக் கீறிய, அசல் கற்றுக்குட்டி ஓடு. உள்ளே சித்தியின் கையெழுத்து. இப்படிப் பிடித்தால் ஆறு, திருப்பினால் ஒன்பது. ஒன்பது என்றால் கப்பல் கவிழ்ந்தது. ஆறு என்றால் மிதக்கும். இந்த வம்பே வேண்டாமென்றுதான் இரண்டு எண்ணுக்கும் அடியில் கோடு போடச் சொல்லியிருந்தார்கள். கோடு இல்லை. ஓடு வந்த பைக்குள் அடுக்கை எழுதிப் போட்டிருந்த சீட்டும் மழையில் கூழாகியிருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒன்பதுதானே?" என்றார் உள்ளூர்க்காரர்.

"நீங்களே ஊட்டி விடாதீங்க சார். ஆறுதானேம்மா?"

எதைச் சொன்னாலும் ஒருவர் கைதட்டியிருப்பார். நாற்காலியும் தப்பியிருக்கும்.

"தெரியல சார். கோடு போடாம விட்டுட்டேன். கண்ணு சொக்கிடுச்சு."

"கோடு விட்டது இது ஒண்ணுதானே?"

"சொல்ல முடியாது சார். அந்த மாசம் பூரா அப்படித்தான் இருந்தேன்."

அந்த மாசம் எனக்கு மஞ்சள் காமாலை. படுத்தது நான், தூங்காமல் கிடந்தது சித்தி. அதை அவள் அங்கே சொல்லவில்லை.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு சாரும் ஒத்துப்போனார்கள். அந்த ஓடு எதற்கும் சாட்சியாகாது. அந்த மாசத்துத் தட்டுகள் எல்லாம் ஓரமாகப் போகட்டும். சித்தி மறுபடி தொட்டிக்கு.

வீட்டில் கேட்டேன். "ஏதாவது ஒண்ண அடிச்சு விட்டிருக்கலாம்ல? யாரு கண்டா?"

"யாருமே காணலடா. அதான் சொல்லல."

சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. தைலத்தை எடுத்துவந்து, அவள் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

சித்தி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"என்னடா, பள்ளிக்கூடத்துல எதையாச்சும் உடைச்சிட்டியா?"