லினக்ஸ் போட்ட கிளாக்கர்

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் ஆள் நான். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் கிராம்பும் கலந்து நின்ற அந்தத் தோட்டத்து ஆபீசில் நான் இரண்டாவது கிளாக்கர். ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைத் தொடுகிற உரிமை பெரிய கிளாக்கருக்கு மட்டும்தான். சாயங்காலம் அதைத் துணி போட்டு மூடுவது என் பொறுப்பு. அந்த அனுபவத்தை நம்பித்தான் மாத்தளை டவுனில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பெட்டியை மடியிலும் திரையைப் பக்கத்து சீட்டிலும் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

அதற்கு அடிக்கடி வைரஸ் பிடித்தது. பிடிக்கும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவேன். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ஒன்றை மறுபடி போட்டுத் தருவார். இரத்தோட்டை பஜாரில் மிளகும் கிராம்பும் வாங்கும் முதலாளி ஒருவர் சனிக்கிழமைகளில் அதே பஸ்ஸில் வருவார். முஸ்லிம் ஆள் என்பதால், அண்ணன் என்கிற முறையில் நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். மடியில் பெட்டியைக் கண்டதும், "என்ன கிளாக்கர், புள்ளைக்கு இன்னைக்கும் சொகமில்லையா?" என்று கேட்பார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்த கம்ப்யூட்டர் சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக ஒரு சீடி கிடைத்தது. அதில் லினக்ஸ் இருந்தது. வைரஸ் அண்டாது, திருட்டுத்தனம் இல்லை, அறிவாளிகள் பாவிப்பது என்றெல்லாம் சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். கடைசிக் காரணம் எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் ஆபீசில் நான் விண்டோஸைக் கைவிடப்போவதாக அறிவித்தேன். யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. பெரிய கிளாக்கர், அப்படியென்றால் கண்ணாடி இல்லாத ஜன்னலா என்று கேட்டார். இவரிடம் போய்ச் சொன்னேனே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீடியைப் போட்டேன். அது கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி விளங்கவில்லை. விளங்காத இடங்களிலெல்லாம் 'ஆம்' என்று அழுத்துவது என் கொள்கை. முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா என்று ஒரு இடத்தில் கேட்டது. அங்கேயும் கொள்கையைக் கைவிடவில்லை. என் மனைவி இரத்தோட்டையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்தாள். எட்டாம் தரத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாளை ஒரு வாரமாக ஒற்றை விரலால் அதே டிஸ்க்கில் அடித்து வைத்திருந்தாள். இது எனக்கு ஞாபகம் வந்தபோது டிஸ்க் பாதிக்கு மேல் அழிந்திருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. கொப்பியும் பேனையும் எடுத்து வந்து மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கினாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரை மறுபடி போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் இரண்டு வரி வந்து நின்றன. 'கேர்னல் பேனிக்' என்றது முதல் வரி. 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்றது அடுத்தது. லினக்ஸின் உள்ளே இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற மையத்துக்குக் கேர்னல் என்று பெயர். அதற்குப் பீதி பிடித்துவிட்டதாம். இனிட் என்கிற ஒன்றைக் கொல்ல யாரோ பார்த்தார்களாம். அதற்கு மேல் ஒரு விசையும் வேலை செய்யவில்லை. இன்னும் பல தடவை போட்டேன். சில நாள் பீதி முதலிலேயே வந்தது. சில நாள், வெற்றி என்று நான் எழுந்து நின்ற பிறகு வந்தது.

டவுனில் கொமியூனிகேஷன் என்று சொல்கிற டெலிபோன் கடை ஒன்றில் இன்டர்நெட் இருந்தது. அங்கே போய், உலகத்து லினக்ஸ்காரர்கள் எல்லாம் கூடுகிற மன்றம் ஒன்றில் என் குறையை எழுதினேன். அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத ஒருவர், திரையில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டுக்கு வந்து, பீதியை வரவழைத்து, திரை முழுவதையும் ஒரு தாளில் பார்த்து எழுதினேன். எண்ணும் எழுத்தும் கலந்து, எட்டெட்டு இலக்கமாக வரிசை வரிசையாக இருந்தது. கீழே அந்த இரண்டு வரி. அவை முக்கியம் என்று அடிக்கோடும் போட்டேன்.

அது சமாதானப் பேச்சு முறிந்து, சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்திருந்த காலம். டவுனுக்குள் நுழைவதற்கு முன்னால் பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பைகளைத் திறந்து காட்டிவிட்டு நடக்க வேண்டும். அந்தத் தாளை அனுப்ப நான் டவுனுக்குப் போன சனிக்கிழமை, ஒரு இளம் சிப்பாய் அதை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தான். மேலிருந்து கீழே பார்த்தான். அடிக்கோடு போட்ட இடத்தை வாய்விட்டு வாசித்தான். கேர்னல் என்ற சொல்லும் இராணுவத்துக் கேணலும் இங்கிலீஷில் காதுக்கு ஒன்றுதான். எழுத்து வேறு என்று அந்த நேரத்தில் பாடம் நடத்த முடியுமா? கேணலுக்குப் பீதி, கொல்ல முயற்சி, அதற்கு மேலே ஒரு பக்கம் நிறைய இரகசியக் குறியீடு. வைத்திருப்பவன் தமிழன். என்னை ஓரமாக நிறுத்திவிட்டு அதிகாரியைக் கூட்டிவந்தான்.

அதிகாரி தாளை வாசித்துவிட்டு, "மே இனிட் கவுத?" என்றார். இந்த இனிட் யார் என்கிறார்.

எனக்குச் சிங்களம் சரளமாக வரும். அன்றைக்கு அதுதான் என்னைக் கெடுத்தது. வராதிருந்தால் பேசாமல் நின்றிருப்பேன். இனிட் என்பது ஆள் இல்லை என்று தொடங்கினேன். அப்புறம், அது எல்லாவற்றுக்கும் தகப்பன் மாதிரி என்றேன். அது செத்தால் மற்றது எல்லாம் செத்துப்போகும், அதனால்தான் கேர்னல் பயப்படுகிறது என்றேன். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும், பயப்பட ஒன்றுமில்லை, பழையபடி நானே உயிர் கொடுத்துவிடுவேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். இதையெல்லாம் யாரிடம் படித்தாய் என்று கேட்டார். வெளிநாட்டில் ஒருவர், பெயர் தெரியாது, அவர்தான் எழுதி அனுப்பச் சொன்னார் என்றேன். அத்தனையும் உண்மை. என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு உண்மையும் என்னை இன்னும் ஓரடி உள்ளே தள்ளுவது எனக்கே கேட்டது. இப்படிப் பிடிபட்டுப் போனவர்களின் வீடுகளை எனக்குத் தெரியும். சிரிப்பெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அன்றைக்கு மனைவியின் முகம் மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது.

மற்றவர்கள் சோதனை முடிந்து பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். நானா மட்டும் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். அதிகாரிக்கு சலாம் வைத்துவிட்டு, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்.

"சேர், இந்த மனுசனோட வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வாங்கின நாள்ல இருந்து அது வேலை செஞ்சதே இல்ல. அத மடியில வச்சிக்கிட்டு இவர் அலையுறத நான் பாத்துக்கிட்டே வாறேன். இப்ப ஏதோ புதுசா போட்டு இன்னும் மோசமாக்கி வச்சிருக்கார். இந்தத் தாள்ல இருக்கிறது அந்தக் கோளாறுதான். கெட்டவேலை செய்யுற அளவுக்கு இவருக்குச் சாமர்த்தியம் இல்ல சேர். வேணும்னா பஸ்ஸக் கேளுங்க."

அதிகாரி உண்மையாகவே பஸ்ஸைக் கேட்டார். ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, இந்த ஆளுடைய கம்ப்யூட்டர் வேலை செய்வதில்லையா என்றார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக அந்த பஸ் முழுவதும் ஒரே குரலில் "ஒவ் சேர்" என்றது. ஆமாம் என்று. கொண்டக்டர் தன் பங்குக்கு, பெட்டி கூடப் பழசு என்று சொன்னான்.

என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். "விண்டோஸ் போட்டுக்கங்க" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார்.

பஸ்ஸில் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சாமர்த்தியம் இல்லை என்று அவர் சொன்னது உதவிக்காகவா, உண்மையிலேயே அப்படி நினைக்கிறாரா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

டவுனில் தாளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மனைவி வாசலில் நின்றாள். தேத்தண்ணி தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கொல்றது சாகுறதுன்னு எழுதிக் காட்டுற பொட்டி நமக்கு வேணுமாங்க?" என்றாள்.

இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தைரியம் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. தைரியம் இல்லை, வெட்கம்தான். முழு பஸ்ஸும் சாட்சி சொன்ன பிறகு அதை அப்படியே விட முடியவில்லை.

அடுத்த பதில் ஒரே வரியில் வந்தது. உன் மெமரியைச் சோதித்துப் பார் என்று. மனைவியிடம் சொன்னேன். அந்த ஆள் கெட்டிக்காரர், பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார் என்றாள். மெமரியைச் சோதிக்கும் வசதி அதே சீடியின் தொடக்க மெனுவில், நான் ஒருநாளும் வாசிக்காத கடைசி வரியில் இருந்தது. போட்டதும் திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு. பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மெமரிப் பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டுப் போட்டேன். பீதி. நல்லதைக் கழற்றியிருக்கிறேன். மாற்றிப் போட்டதும், எந்தக் குழப்பமும் இல்லாமல் வந்து நின்றது. வைரஸ் என்று நான் சுமந்து திரிந்த நோயில் எத்தனை இந்தப் பட்டையின் வேலையோ.

மோடம் மட்டும் கடைசிவரை அதற்குப் பிடிபடவில்லை. வீட்டில் இன்டர்நெட் இல்லை. ஆனால் மெனுக்கள் எல்லாம் தமிழில் வந்தன. பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதல் மெனுவைத் திறந்து வாசித்தாள்.

"'கோப்புகளை தேடு'ன்னு போட்டிருக்காங்க. நடுவுல 'த்' எங்கங்க?"

அன்று முழுவதும் மெனு மெனுவாகத் திறந்து, விடுபட்ட ஒற்றுகளை ஒரு தாளில் எழுதினாள். நான் அதை டவுனுக்குக் கொண்டுபோய் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்பிவைத்தேன். சில வாரங்களில் தமிழிலேயே பதில் வந்தது. திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டார்களாம். 'ஐயா, தங்கள் தமிழறிவு வியக்கவைக்கிறது' என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உரியது இல்லை என்பதைச் சொல்லிவிடலாம்தான். ஆனாலும் அச்செடுத்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினேன்.

முழுவதையும் வாசித்தாள். 'பிழைகளை சுட்டிக்காட்டியமைக்கு நன்றி' என்ற இடத்தில் நிறுத்தினாள். சிவப்புப் பேனையை எடுத்து, நடுவில் ஒரு 'ச்' போட்டாள்.